இரு கரைக்கும் பொதுவான ஒரு கணக்கேடு

தமிழ்நாட்டு மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டனர் என்னும் செய்தி நமக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கைதாகினர். படகுகள் பறிபோகின்றன; ராமேசுவரத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது; முதல்வர் கடிதம் எழுதுகிறார்; சில வாரங்களில் சிலர் விடுவிக்கப்படுகின்றனர். பின்னர் அடுத்த கைது வருகிறது.

இதே கடற்பரப்பில் இன்னொரு நிகழ்வும் நடந்துவருகிறது. அது தலைப்புச் செய்தியாவதில்லை. 2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தலைமன்னார். அந்தப் பக்கத்து மணல்திட்டுகளை, கடல் ஆலாக்கள் முட்டையிடும் இடங்கள் என்பதால், 2015-இல் ஆதாம் பாலத் தேசியப் பூங்காவாக இலங்கை அறிவித்திருக்கிறது. மன்னார்த் தீவை ஒட்டிய வங்காலைச் சரணாலயம் 2010-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் பக்கத்து மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 2022-இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. ஒரே வலசைப் பாதையில் வரும் பறவைகளை இரு நாடுகளும் காக்கின்றன. ஆனால் தனித்தனியாகவே காக்கின்றன. இந்த இரண்டு முயற்சிகளையும் இணைத்தால் அதன் பயன் பறவைகளோடு நின்றுவிடாது என்பதே என் கருத்து.

கடலோரத்தில் வாழாத ஒருவன் இதைப் பற்றி எழுதலாமா என்று வாசகர் கேட்கலாம். நான் எழுதுவது செஞ்சியிலிருந்து. இங்கிருந்து கிழக்கே 60 கிலோமீட்டர் அளவில் மரக்காணம், அதையொட்டிக் கழுவெளி. 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்த இந்த உவர்நீர்ச் சதுப்பு, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் 16-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் பறவைகளுக்குக் கழுவெளி, கோடியக்கரை, தனுஷ்கோடி, மன்னார் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனை இலங்கை. எனவே விழுப்புரம் மாவட்டத்து நீர்நிலையின் நலம் மன்னாரையும், மன்னாரின் நலம் இந்த மாவட்டத்தையும் தொடுகிறது.

எல்லை இல்லை என்பது பாதி உண்மை: பறவைகளுக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் சொல்கிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையன்று. மனிதர் வகுத்த எல்லைகளின் விளைவுகளைப் பறவைகளும் சுமக்கின்றன. அதற்குச் சான்று சைபீரியப் பெருங்கொக்கு. ராஜஸ்தானின் பரத்பூருக்குக் குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த அந்தப் பறவையைக் காப்பதற்காக 1993-இல் ஒரு பன்னாட்டுப் புரிந்துணர்வு உடன்பாடு உருவானது. வலசைபோகும் உயிரினங்களுக்கான உடன்படிக்கையின்கீழ் உருவான இத்தகைய முதல் உடன்பாடு அதுவே. ஆனால் பரத்பூருக்கு வரும் கூட்டத்தின் பாதை ஆப்கானிஸ்தான் வழியாகவும் பாகிஸ்தான் வழியாகவும் சென்றது. போரும் வேட்டையும் மலிந்த அந்தப் பாதையில் காகிதத்தில் இருந்த உடன்பாடு காவலாக நிற்க இயலவில்லை. 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு பரத்பூர் அந்தக் கொக்கைக் காணவில்லை. பறவைகள் அமைதியைக் கொண்டுவரும் என்று நம்புவதற்கு முன்பு, அமைதியற்ற நிலத்தில் பறவைகளே எஞ்சுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொரியாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1953-இல் போர் நின்றபோது வட, தென் கொரியாக்களுக்கு இடையே வகுக்கப்பட்ட 4 கிலோமீட்டர் அகலப் படைநீக்கப் பகுதியிலும் அதன் அருகிலும் செங்கொண்டைப் பெருங்கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மனிதர் நுழைய முடியாததால் பறவைகள் தழைத்தன. ஆனால் எழுபது ஆண்டுகளாகியும் அந்தக் கொக்குகள் இரு கொரியாக்களையும் இணைத்துவிடவில்லை. பறவை இருப்பதாலேயே உறவு மலர்ந்துவிடாது. அதை முன்னிட்டு மனிதர் என்ன செய்கின்றனர் என்பதே முக்கியம்.

சந்தேகத்தின் நிழல்: பறவை ஆய்வு பகைமையைக் குறைப்பதற்கு மாறாக ஐயத்தைக் கிளப்பியதும் உண்டு. 1960-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், வலசைப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு ஆராய்ந்தது. கோடியக்கரையும் பின்னாளில் அந்தப் பணியின் முக்கியக் களமானது. தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் பிறகு அமெரிக்க ராணுவம் சார்ந்த ஒரு திட்டமும் அந்த ஆய்வுக்கு நிதி தந்தன. பறவைகள் மூலம் நோய்க்கிருமிகள் பரவுவது குறித்த அத்தரவுகள் போர் நோக்கத்துக்குப் பயன்படக்கூடுமோ என்ற கேள்வி எழுந்தது. 1970-களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவே வெளிநாட்டு ஒத்துழைப்புடன் நடந்த ஆய்வுகளை விரிவாக ஆராய நேர்ந்தது.

அண்மைக் காலத்திலும் இது தொடர்கிறது. இஸ்ரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளையமும் கருவியும் தாங்கிய கழுகு 2011-இல் சவூதி அரேபியாவில் உளவாளியெனப் பிடிபட்டது. 2023 மே மாதம் மும்பையில் சிறகில் சீன எழுத்துகளுடன் சிக்கிய புறா, எட்டு மாதங்கள் மருத்துவமனைக் கூண்டில் இருந்த பிறகே விடுதலை பெற்றது. அது தைவானில் பந்தயத்துக்குப் பறக்கவிடப்பட்ட புறா என்பது பின்னர் தெரியவந்தது. இவற்றைப் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் ஒரு பாடம் இதில் உண்டு. தரவு யாரிடம் இருக்கிறது, யார் பணம் தருகிறார், யார் அதைப் படிக்கலாம் என்பவை வெளிப்படையாக இல்லாதபோது ஒரு புறாகூடப் பகையை வளர்க்கும். எனவே எல்லை கடந்த பறவைப் பணி எதுவானாலும் அதன் கணக்கேடு எல்லாரும் பார்க்கத் திறந்திருக்க வேண்டும்.

கூகை காட்டிய வழி: இதற்குப் பயன்தரும் முன்மாதிரி யோர்தான் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இஸ்ரேலில் வயல் எலிகளை ஒழிக்க இடப்பட்ட நஞ்சு, எலியைத் தின்னும் பறவைகளையும் கொன்றுவந்தது. 1980-களின் தொடக்கத்தில் பறவையியலாளர் யோசி லெஷமும் அங்குள்ள கூட்டுப்பண்ணை உழவர்களும் வயலோரங்களில் மரப்பெட்டிகளை வைத்துக் கூகைகளைக் குடியேற்றினர். ஓர் இணை ஓராண்டில் ஆயிரக்கணக்கான எலிகளைத் தின்றுவிடும். பள்ளத்தாக்கின் ஒரு கரையில் மட்டும் நஞ்சை நிறுத்துவதால் பயனில்லை என்பது விரைவில் தெரிந்தது. ஆற்றைக் கடந்து வேட்டையாடும் கூகை மறுகரையின் நஞ்சுக்கு இரையானது. அதனால் யோர்தானிய உழவர்களும் பாலஸ்தீன உழவர்களும் 2000-களின் தொடக்கத்தில் இம்முயற்சியில் சேர்க்கப்பட்டனர். யோர்தான் தரப்பில் இதை முன்னெடுத்தவர் மன்சூர் அபு ரஷீத் என்னும் ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி. பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்ஸாண்டர் ரூலான் இணைந்தார்.

இதில் நம்மூர் வாசகருக்கு எளிதில் விளங்கும் ஒரு தடை இருந்தது. கூகையின் குரல் அபசகுனம் என்று அரபு நாட்டுப்புறத்திலும் நம்பிக்கை உண்டு. செஞ்சியில் கோட்டை மண்டபங்களின் பக்கமிருந்து வரும் கூகையின் அலறலைக் கேட்டு, இன்று யார் வீட்டில் சாவு விழுமோ என்று பெரியவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வந்து குவிகின்றன. அந்த நெல்லை விளைவிக்கும் உழவர், எலியிடம் எவ்வளவு இழக்கிறோம் என்று புலம்புவதையும் கேட்டிருக்கிறேன். யோர்தான் பள்ளத்தாக்கில் நம்பிக்கையை மாற்றியது அறிவுரையன்று. எலி குறைந்த வயல்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2023 அக்டோபருக்குப் பிறகு அந்த நிலம் கண்ட அழிவை எந்தக் கூகையாலும் தடுக்க முடியவில்லை. இருபது ஆண்டு கூட்டுப்பணி இரு தேசங்களின் அரசியலை மாற்றிவிடவில்லை. ஆனாலும் அது மூன்று உண்மைகளை நிறுவியது. முதலாவது, இரு தரப்புக்கும் கையில் கிடைக்கும் பயன் இருந்தால்தான் ஒத்துழைப்பு நிலைக்கும். இரண்டாவது, ஒரு கரை மட்டும் செய்தால் இரு கரையும் தோற்கும் பணியே உண்மையான கூட்டுப்பணி. மூன்றாவது, நேற்றுவரை எதிரணியில் நின்ற படைவீரர்களும் இதில் பங்கேற்கும்போதுதான் ஐயம் கரையும்.

நம் மண்ணின் சான்றுகள்: இந்த மூன்றில் முதலாவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செஞ்சியிலிருந்து வெகுதொலைவில் இல்லாத வேடந்தாங்கலில், ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து ஊரார் முறையிட்டனர். அதை ஏற்று 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு வழங்கினார் என்பது பதிவு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலில் நெல் செழிக்கிறது என்பதை ஊரார் கண்கூடாக அறிந்திருந்தனர். ஆளும் அந்நியரோடு ஒரு சிற்றூர் வைத்துக்கொண்ட நியாயமான ஒப்பந்தத்துக்குப் பறவை அங்கே காரணமாயிற்று. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசையே விட்டுவிட்டனர். நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-இல் அமூர் வல்லூறுகள் பெருமளவில் வலைவீசிக் கொல்லப்பட்டன. ஊர்ச்சபைகளும் திருச்சபைகளும் தன்னார்வலர்களும் அரசும் கூடிப் பேசியதில் அடுத்த ஆண்டே அந்தக் கொலை நின்றது. வெளியிலிருந்து வந்த கட்டளை மட்டும் இதைச் சாதித்திருக்காது. ஊர் எடுத்த முடிவே சாதித்தது.

கடலின் கசப்பு: இனி மன்னாருக்கு வருவோம். இங்கே சிக்கல் எளிதானதன்று. 1974, 1976 ஒப்பந்தங்களும் கச்சத்தீவும் தமிழ்நாட்டில் ஆறாத புண். மறுகரையில் வேறொரு புண் இருக்கிறது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் வட இலங்கை மீனவர் கடலில் இறங்கவே தடைகள் இருந்தன. போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, தங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் இழுவைமடிப் படகுகளைக் கண்டனர். அவையும் தமிழரின் படகுகளே. இழுவைமடி கடலடியைச் சுரண்டி மீன்குஞ்சையும் அள்ளுகிறது என்பதால் 2017-இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. 2016-இல் அமைக்கப்பட்ட இருநாட்டுக் கூட்டுப் பணிக்குழு பலமுறை கூடியும் தீர்வு எட்டப்படவில்லை.

மறுகரையில் வாழ்வோர் தமிழ் மீனவர் மட்டுமல்லர். 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பிய முஸ்லிம்கள் இருக்கின்றனர். அங்கு வந்து ஆய்வு செய்யும் சிங்கள அறிஞர்கள் இருக்கின்றனர். ஆகவே, அண்டை மக்கள் என்று நான் சொல்வது இரு கரைத் தமிழரை மட்டுமன்று. ஒருவரையொருவர் அஞ்சவும் ஐயுறவும் பழகிப்போன பல சமூகங்களை.

அண்மையில் பறவையே இரு நாட்டுக்கும் இடையே ஒரு விவாதப் பொருளானது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ இந்தியாவின் அதானி குழுமம் திட்டமிட்டது. அந்த இடம் வலசைப் பறவைகளின் நுழைவாயில் என்று கூறி இலங்கைச் சூழலியல் அமைப்புகள் 2024-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகின. மின்விலை குறித்து இலங்கை அரசு மறுபேச்சு தொடங்கிய பின், 2025 பிப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. மன்னார் மக்களின் காற்றாலை எதிர்ப்பு அதன் பிறகும் தொடர்ந்தது. இதனை அயல்நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கான நிதியுதவிக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்திருக்கிறது. மறுகரையில் எழுந்த அதே கேள்வி நாளை இக்கரையிலும் எழும். அப்போது இருவருக்கும் பொதுவான பறவைத் தரவு இல்லையென்றால், ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற எண்ணை எடுத்து வீசுவர்.

மீன்பிடிச் சிக்கலின் வேரும் ஒருவகையில் இங்கேதான் இருக்கிறது. எத்தனை படகு எல்லை தாண்டியது, எவ்வளவு மீன் குறைந்தது, எவ்வளவு வலை அறுபட்டது என்பதில் இரு தரப்பும் ஏற்கும் ஓர் எண்கூட இல்லை. பொதுவான கணக்கு இல்லாத இடத்தில் பேச்சுவார்த்தை குற்றச்சாட்டாகவே முடியும். மீனை முன்வைத்து உடனே பொதுக் கணக்கைத் தொடங்க முடியாது. அதில் வயிற்றுப்பாடும் வழக்கும் இருக்கின்றன. பறவையை முன்வைத்துத் தொடங்கலாம். பறவைக் கணக்கில் யாரும் நட்டப்படுவதில்லை. ஆனால் சேர்ந்து எண்ணும் பழக்கமும், அடுத்தவன் எழுதிய எண்ணை நம்பும் பழக்கமும் அங்கே உருவாகும். ஆலாக்கள் எங்கே திரள்கின்றனவோ அங்கே சிறுமீன் திரண்டிருக்கிறது என்பது இரு கரை மீனவருக்கும் தெரியும். எனவே பறவையை எண்ணத் தொடங்குபவர்கள் என்றேனும் ஒருநாள் மீனைப் பற்றியும் பேசுவார்கள்.

செய்யக்கூடியவை: முதலில், பொங்கல். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகின்றனர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில்தான் நடக்கிறது. தைப்பொங்கல் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கொண்டாடப்படும் திருநாள். அந்நாளில் ராமேசுவரம், கோடியக்கரை, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் ஒரே நேரத்தில், ஒரே முறையில் எண்ணி, ஒரே பட்டியலாக வெளியிட எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. இதற்கு வேண்டியவை கண்ணும் தாளும் கைப்பேசியும் மட்டுமே. பள்ளி மாணவரும் மீனவ இளைஞரும் இதில் பங்கேற்க வேண்டும்.

அடுத்து, அரசுகள். ராம்சார் உடன்படிக்கை, பகிரப்படும் நீர்ப்பரப்புகளைக் காப்பதில் அண்டை நாடுகள் கலந்து செயல்பட வேண்டும் என்று சொல்கிறது. அதன்கீழ் மன்னார் வளைகுடாவையும் வங்காலையையும் இணைக் காப்பகங்களாக அறிவிக்கலாம். இரு தரப்பு வனக் காவலர்களும் ஆண்டுக்கொருமுறை ஒருவர் இடத்துக்கு மற்றவர் சென்று பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் சமர்கண்டில் நடந்த மாநாட்டில் மத்திய ஆசிய வலசைப் பாதைக்கான முன்முயற்சி ஏற்கப்பட்டது. அதன் ஒருங்கிணைப்புப் பொறுப்பு இந்தியாவிடம் இருக்கிறது. அந்தப் பொறுப்பின் முதல் பலன் நமக்கு மிக அருகிலுள்ள அண்டை நாட்டோடு தொடங்குவதே முறை.

மூன்றாவதாக, ஆய்வு. மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை சென்று திரும்புவதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கின்றனர். அந்த வழித்தடத் தரவும் கோடியக்கரையில் அரை நூற்றாண்டாகச் சேர்ந்த வளையத் தரவும் ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டும். மரக்காணத்தில் அமையவிருப்பதாக அறிவிக்கப்பட்ட பன்னாட்டுப் பறவைகள் மையத்துக்கு, பன்னாட்டு என்னும் சொல்லுக்குரிய பொருளை அது தரும். நான்காவதாக, கடலில் எந்தக் கரையில் காற்றாலை அமைத்தாலும் அந்தப் பொதுத் தரவின் அடிப்படையிலேயே இடத்தைத் தேர்வு செய்வதென இரு நாடுகளும் உறுதியளிக்க வேண்டும். அடுத்த நாட்டில் நாம் கேட்க விரும்பாத கேள்வியை நம் நாட்டில் கேட்காமல் இருப்பதும், அவர்கள் கரையில் வேண்டாத ஆலையை நம் கரையில் வாழ்த்துவதும் நேர்மையாகாது.

எங்கள் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராட்டியர்களின் ராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுப்பில் தமிழ்நாட்டின் ஒரே கோட்டையாக, யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கோனார், நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் என எத்தனையோ கொடிகளை அந்த மலைகள் பார்த்திருக்கின்றன. 1690 முதல் 1698 வரை எட்டாண்டு முற்றுகையை அவை தாங்கின. தேசிங்குராசனின் பெயரை இன்றும் மக்கள் பாடுவது, அவன் பிடித்த நிலத்துக்காக அன்று. அவனோடு களத்தில் உயிர்விட்ட மோவுத்துக்காரன் என்னும் முஸ்லிம் தோழனின் நட்புக்காகவும்தான். ஒருகாலத்தில் ஒருவரையொருவர் கொல்ல எழுப்பிய சுவர்களை உலகின் பொதுச் சொத்தென ஏற்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. கல்லுக்கு அவ்வளவு காலம் காத்திருக்கும் பொறுமை உண்டு. பூநாரைக்கும் ஆலாவுக்கும் இல்லை. கடலையே நம்பி வாழும் இரு கரைக் குடும்பங்களுக்கும் இல்லை.

வரும் தைப்பொங்கலுக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. ராமேசுவரத்தில் ஒரு மீனவ இளைஞர், தலைமன்னாரில் ஒரு மீனவ இளைஞர், இருவரும் ஒரே காலையில் ஒரே பட்டியலில் எழுதும் முதல் எண்ணை நாம் அச்சிட முடிந்தால், கைதுச் செய்திகளுக்கு இடையே அதுவும் ஒரு செய்தியாகும்.